விரலைக் கேட்டு வாங்கிய வண்டி

என் ஓரகத்தி ஸ்வர்ணலதா மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது ஆரணியில் எங்கள் தெருவே வாய்விட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? 1998, ஆடி மாதம். அவளுக்கு வயது முப்பத்தேழு, உயரம் நாலே முக்கால் அடி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அந்த வண்டியை அவள் பத்து வருஷம் ஓட்டினாள். 2008-ல் அதை விற்றபோது சிரித்த தெருவிலிருந்தே மூன்று பேர் விலை கேட்டு வந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம்.

என் பெயர் திலகவதி. அந்த வீட்டுக்கு அவள் மூத்த மருமகள், நான் இளையவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், எழுதும்போது மட்டும் பெயர் சொல்லி எழுதுகிறேன்.

அவள் தறி நெய்கிறவள் இல்லை, பாவு பிணைக்கிறவள். ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், நெய்து முடிந்ததும் புதுப் பாவை ஏற்றுவார்கள். பழைய பாவின் இழை நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. அது முடிகிறவரைக்கும் தறி சும்மா நிற்கும், நெய்கிறவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. போகட்டும், அவர்களுக்கு எதற்கு? ஆனால் அந்த விரல் இல்லாமல் ஒரு முகூர்த்தப் புடவையும் தறியை விட்டு இறங்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாவை எந்தக் கை தொடங்கியதோ அந்தக் கைதான் முடிக்க வேண்டும். ஒவ்வொருவர் முறுக்கும் ஒரு மாதிரி இருக்கும். பாதி ஒரு கை, பாதி இன்னொரு கை என்று கலந்தால் இழுவை மாறி இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். ஒருவர் கை வைத்த பாவை இன்னொருவர் தொடுவது இந்தத் தொழிலில் மரியாதைக் குறைவும்கூட. அதனால் பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வேறு ஆளை அனுப்புகிற பேச்சே கிடையாது.

ஸ்வர்ணலதாவுக்குக் கிடைத்த வேலையில் சரிபாதி பரசுராமன் மாஸ்டரின் தறிகளில். அவர் பட்டும் பாவும் கொடுத்து ஊர் ஊராகத் தறி நெய்யவைக்கிறவர். படவேட்டுக்கு அப்பால், ஜவ்வாது மலை அடிவாரத்தில், காளியம்மன் கொட்டாய் என்று ஒரு சின்ன ஊர். அங்கே அவருக்குப் பதினோரு தறி. முந்தின வருஷத்து மழையில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் பஸ் படவேட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் நடை. நடுவில் ஓடை, மணல், கல். இவள் நடந்து போய்ச் சேரும்போது பதினொரு மணி ஆகிவிடும். மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். நாலு மணி நேரத்தில் எந்தக் கை நாலாயிரம் இழையைப் பிணைக்கும்?

மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். "பஸ்ஸு நின்னுபோச்சு. நீ நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நாளு போயிடுது. எனக்கு பேஜாரா கீது. வண்டி வச்சிகினு கீற ஆளா பாத்து விட்டுக்கறேன். நீ டவுனு தறியோட இரும்மா."

"வண்டிதான கொறச்சல்? வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆசைக்கு வாங்கவில்லை, யாருக்கும் காட்டுவதற்கு வாங்கவில்லை. பதினோரு தறி கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தனக்கோடி உடனே வண்டி நிபுணர் ஆகிவிட்டார். "அண்ணி, லேடீசுக்குன்னே வண்டி கீது. பட்டனைத் தட்டுனா போவுது, கியரும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று கடைக்கு அழைத்துப் போனார். சின்னச் சக்கரம் வைத்த அழகான வண்டி. கடைக்காரப் பையன் ஓட்டிக் காட்டினான். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டு, "ஆத்துக்கு வுடு" என்றாள். ஆற்று மணலில் இருபதடி போவதற்குள் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது. தார் ரோட்டுக்கு என்று செய்த வண்டியை ஆற்றில் இறக்கினால் அது என்ன செய்யும்? வண்டி மேல் தப்பில்லை. லேடீஸ் என்றால் தார் ரோட்டில் மட்டும்தான் போவாள் என்று முடிவு கட்டினவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அடுத்து என் மச்சாண்டார், அதாவது அவள் புருஷன் சந்திரமோகன், சிநேகிதர் ஒருவரின் புல்லட்டைக் கொண்டுவந்தார். அவர் ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்து களம்பூர் வரைக்கும் போய் வந்தாள். வழியில் கொஞ்ச தூரம் இரண்டு கையையும் எட்டி ஹேண்டில் பாரின் மேல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இறங்கியதும் பையிலிருந்து ஒரு சின்னப் பட்டு நூல் கத்தையை எடுத்தாள். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, இன்னொரு இழையைச் சேர்த்து முறுக்கிப் பார்த்தாள். இழை நழுவியது. மறுபடி முறுக்கினாள், மறுபடி நழுவியது. விரல் நுனியில் அந்த அதிர்வு அரை மணி நேரம் போகவில்லை.

"இதுல போனா நான் போயிடுவேன், என் வெரலு வராது" என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. தெருவில் எல்லோரும் வண்டியின் மைலேஜைக் கேட்பார்கள், வேகத்தைக் கேட்பார்கள், கலரைக் கேட்பார்கள். இவள் தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் லோகநாதனின் பட்டறைக்குப் போனோம். லோகநாதன் பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்துச் சேர்க்கிற மெக்கானிக், இவளைவிட நாலைந்து வயது சின்னவர். முதலில் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியைக் காட்டினார். எடை குறைவு, மேட்டில் பிய்த்துக்கொண்டு ஏறும். ஆனால் பெட்ரோலில் ஆயிலை அளந்து ஊற்றிக் கலக்க வேண்டும். "ஆயிலைத் தொட்ட கையோட பட்டைத் தொடறதா?" என்று அதையும் தள்ளினாள்.

"யக்கா, உனுக்கு வண்டி ஓணுமா, இல்ல மாப்பிள்ள பாக்குறியா?" என்றார் லோகநாதன்.

"மாப்பிள்ளைய எங்கப்பா பாத்தாரு. இதையாச்சும் நான் பாக்கறேன்."

மூலையில் ஒரு நூறு சிசி வண்டி சாய்ந்து நின்றது. ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், ஒன்பது வருஷத்துப் பழசு. சக்கரம் உயரம், அகலம் இல்லை. லோகநாதன் அதை ஸ்டார்ட் செய்து அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார். நூல் கத்தை வெளியே வந்தது. முதல் இழை நின்றது, இரண்டாவதும் நின்றது. பட்டறையில் இருந்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பத்து இழை முறுக்கியபிறகு அவள் எழுந்து வண்டியின் பக்கத்தில் போனாள். இரண்டு கையாலும் பிடித்து, அதை அப்படியே தரையில் சாய்த்துப் படுக்கவைத்தாள்.

"யக்கா! டேங்க்கு! பெயிண்ட்டு போயிடும்!" என்று லோகநாதன் கத்தினார்.

"ஓடையில வுழுந்தா நீ வந்து தூக்குவியா? நான்தான தூக்கணும்?"

முதல் தடவை வண்டி அசையவில்லை. இரண்டாம் தடவை பாதி எழுந்து மறுபடி படுத்தது. லோகநாதனே பொறுக்க முடியாமல், முன்பக்கமாகத் தூக்காதே, முதுகை சீட்டில் கொடுத்து உட்கார்ந்து தொடையால் எழுந்திரு என்றார். மூன்றாம் தடவை வண்டி நின்றது. அவள் முகம் சிவந்து, மூச்சு இரைத்து, தலைமுடி கலைந்து பார்க்கவே பயமாக இருந்தாள். "இதான்" என்றாள். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது, அன்றைக்கே பேசி முடித்தாள்.

லோகநாதன் அந்த வண்டியை ஒரு மாதம் வைத்து வேலை பார்த்தார். ஓடைத் தண்ணீர் ஏறாதபடி சைலன்ஸரை மேலே தூக்கினார். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் ஒரு இரும்புத் தகடு வைத்தார். பின்னால் மணலிலும் கல்லிலும் பிடித்து ஓடுகிற பட்டன் டயர் போட்டார். கால் எட்டாததால் சீட்டின் ஸ்பாஞ்சைச் செதுக்கி இறக்கினார். கிளட்ச் நடுவிரலாலும் மோதிர விரலாலும் இழுத்தாலே வரும்படி இளகலாக வைத்துக் கொடுத்தார். சுட்டுவிரலுக்கு வேலையே வைக்கக் கூடாது என்பது இவள் போட்ட கட்டளை.

ஓட்டப் பழகியது கோட்டை மைதானத்தில். அவள் களம்பூரில் பிறந்தவள், அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். மில் களத்தில் காயப்போட்ட நெல்லின் மேல் சைக்கிள் ஓட்டி அடி வாங்கிய பெண் அவள், வழுக்குகிற இடம் அவளுக்குப் புதிதில்லை. லைசென்ஸ் எடுக்கப் போனபோது டிரைவிங் ஸ்கூல்காரர், "லேடீசுக்கு கியர் இல்லாத வண்டின்னு போட்டா சுலுவா முடிஞ்சிடும்மா" என்றார். "நான் கியரு வண்டி ஓட்டப்போறேன். கியருன்னே போடு" என்றாள். எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், கால் ஊன்றாமல் இரண்டு தரம் போட்டுக் காட்டிவிட்டு வந்தாள்.

வண்டியைக்கூடத் தெரு பொறுத்துக்கொண்டது. அவள் சுடிதார் போட்டுக்கொண்டு ஏறியதைத்தான் பொறுக்கவில்லை. பட்டுப் புடவையில் பிழைக்கிற தெருவில் மூத்த மருமகள் சுடிதாரா என்று என் வீட்டுக்காரரே நாலு நாள் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், கோபம் போய்விட்டது. சந்திரமோகனிடம் யாரோ, "இன்னாப்பா, பொண்டாட்டிய இப்பிடி வுட்டுட்டியே" என்று கேட்டார்கள். "நான் எங்க வுட்டேன்? அவ போறா" என்று சொல்லிவிட்டு அவர் தறிக்குப் போய்விட்டார். அதிகம் பேசாத மனுஷன். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்று மாதம் கொட்டாய்க்கு ஒழுங்காகப் போய் வந்தாள். காலை எட்டு மணிக்கெல்லாம் பாவின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். மார்கழியில்தான் அந்தத் தப்பு நடந்தது. சர்வீசுக்கு விட்ட வண்டியில் லோகநாதனின் ஆள் கிளட்ச் கேபிளுக்குத் தாராளமாக கிரீஸ் வைத்திருக்கிறான். அது லீவர் வரைக்கும் வழிந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்குப் பயந்து ஒரு வண்டியையே தள்ளினவள் இதைக் கவனிக்கவில்லை. கையை சோப்பு போட்டுத்தான் கழுவினாள், நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. சந்தனக் கலர் பாவில் நாலு விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் நிறக் கறை. புடவை தறியை விட்டு இறங்கியபோது தை பிறந்துவிட்டது, தலைப்பிலேயே அந்தக் கறை வந்து நின்றது.

அவள் மறைக்கவில்லை. புடவையைத் தானே எடுத்துக்கொண்டு போய் மாஸ்டரிடம் காட்டினாள்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பரசுராமன். "போளூர்ல சின்னப்பையன்னு ஒருத்தன் கீறான், பாவு பிணைக்கறதுல கெட்டிக்காரன். வர வியாழக்கெழம பொன்னியம்மா தறியில பாவு மாத்தணும். ஜீப்புல அவன இஸ்துகினு நானே போறேன். இனிமே கொட்டாய்க்கு அவன்தான். நீ வராத."

"கறை என் தப்புதான். அதுக்கு என்ன கேட்டாலும் சரி" என்றாள் இவள். "ஆனா அது கிரீஸ் போட்ட தப்பு மாஸ்டர். பொம்பளையா பொறந்த தப்பு இல்ல."

அவர் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து லீவர் இரண்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து அவற்றின் மேல் இறுக்கிச் சுற்றித் தைத்தாள். வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வண்டியை வெளியே எடுத்தபோது நான் கதவருகே நின்றிருந்தேன்.

"மாஸ்டர் வராதன்னு சொன்னாரே அக்கா?"

"அவரு சொன்னாரு. நான் சரின்னு சொன்னேனா?"

நானும் புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் சிரித்த வெட்கம் ஒன்று மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. ஜீப் ஆறு மணிக்குக் கிளம்பும் என்று எங்களுக்குத் தெரியும். சின்னப்பையனுக்கு முன்னால் இவள் போய் ஒரு இழையாவது பிணைத்துவிட வேண்டும். கை வைத்துவிட்டால் அந்தப் பாவு இவளுடையது.

தை மாதப் பனி. படவேடு தாண்டினதும் தார் முடிந்தது. மண் ரோட்டில் வண்டி குதித்த குதியில் என் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. ஓடைக்கு வந்ததும் என்னை இறங்கி நடக்கச் சொன்னாள். முழங்கால் அளவுக்குக் குறைவான தண்ணீர், அடியில் பாசி பிடித்த உருண்டைக் கல். நான் நாலடி பின்னால் நடந்துகொண்டிருந்தேன். பாதி ஓடையில் முன்சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறி வழுக்கியது.

கீழே விழுகிற எவரும் கையை ஊன்றுவார்கள். நினைத்துச் செய்கிற காரியமா அது? கை தானாகப் போகும். அவள் கை போகவில்லை. ஹேண்டிலை விட்ட கணத்தில் இரண்டு கையையும் இறுக்க மூடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுந்தாள். முழங்கையும் தோளும் முகவாயும் கல்லில் மோதின. அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பின்னால் ஜீப் வந்தது. எங்கள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. பரசுராமன் எட்டிப் பார்த்தார். "அதான் வராதன்னேன். ஏறு, கரையில வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

"நீங்க போங்க மாஸ்டர்" என்றாள், தண்ணீரில் உட்கார்ந்தபடியே. ஜீப் ஓடையைக் கடந்து போயிற்று.

நான் வண்டியைப் பிடிக்கப் போனேன். "தொடாத. வழுக்கி நீயும் வுழுவ" என்றாள். முதுகை சீட்டில் கொடுத்து உட்கார்ந்தாள். ஹேண்டிலை உள்ளங்கையால் பிடித்தாளே தவிர விரல் நுனி எதிலும் படவில்லை. ஒரே மூச்சில் எழுந்தாள். முகவாயிலிருந்து ரத்தம் சுடிதார் மேல் சொட்டியது. உதைத்தாள், ஏழாவது உதையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஜீப் போகிற வழி ஏரிக்கரையைச் சுற்றிப் போகும். வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று நேராகக் கொட்டாய்க்குப் போகிறது, இரண்டு ஆடு சேர்ந்து போக முடியாத அகலம். புல்லட்டாக இருந்தால் அந்த வரப்பு தாங்கியிருக்காது. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். நாய்கள் குரைத்தபோதுதான் கண்ணைத் திறந்தேன், ஊர் வந்திருந்தது. ஏரிக்கரையின் அந்தக் கோடியில் ஜீப்பின் புழுதி தெரிந்தது.

தறிக்காரி பொன்னியம்மாள் அவள் முகத்தைப் பார்த்து, "ஐயோ, இன்னாம்மா இது!" என்று ஓடிவந்தாள். இவள் சீயக்காய் கேட்டாள். மூன்று தரம் கையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நீட்டி ஒவ்வொரு நகக்கண்ணாகப் பார்த்தாள். பத்து விரலிலும் ஒரு கீறல் இல்லை. ரத்தம் பாவில் சொட்டக் கூடாது என்று முகவாயைத் துண்டால் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போடச் சொன்னாள். பல்வலிக்காரி மாதிரி இருந்தாள். பாவின் முன்னால் உட்கார்ந்து, சாம்பல் தொட்டு, முதல் இழையை முறுக்கினாள்.

முப்பது இழை தாண்டியிருப்பாள், பரசுராமன் உள்ளே வந்தார். பின்னால் கையில் பையோடு சின்னப்பையன், ஐம்பது வயது மனிதர். "எழுந்திரும்மா, அவன் உக்காரட்டும்" என்றார் மாஸ்டர். இவள் நிமிரவில்லை. சின்னப்பையன் குனிந்து பிணைத்த இழைகளைப் பார்த்தார், அவள் முழங்கையைப் பார்த்தார், பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கை வச்ச பாவு மாஸ்டர். நான் தொட மாட்டேன்."

"நான் சொல்றேன், தொடு."

"நீங்க சொல்லலாம். நாளைக்கு எங்க ஆளுங்க என்னக் கேப்பாங்க" என்று சொல்லி அவர் வெளியே போய் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

பொன்னியம்மாள் வாசற்படியில் நின்று மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தறி வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். பரசுராமன் ஒருதரம் பாவைப் பார்த்தார், ஒருதரம் அந்தத் துண்டுக் கட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சரி, போ. இனிமே கொட்டாய்க்கு நீயே வரலாம்" என்றார்.

"வரலாமான்னு நான் கேக்கவே இல்லியே மாஸ்டர்" என்றாள் ஸ்வர்ணலதா, தலையை நிமிர்த்தாமலே. "வந்துட்டேன்."